லேஸ் லேசுப்பட்டதல்ல

எங்கள் வீட்டில் ‘லேஸ்’ என்ற சொல்லுக்குப் பொருள் காண அகராதி போதாது. அது யார் வாயிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். பேரன் சொன்னால், காற்றடைத்த பொட்டலத்துக்குள் கொஞ்சம் உருளைக்கிழங்குச் சீவல். மருமகன் சொன்னால், ஓட்டப் பயிற்சி ஷூவின் கயிறு. மகள் சொன்னால், சுடிதார் கைக்கு ஓரம். மனைவி சொன்னால் சேலை, ரவிக்கை, திரைச்சீலை, தலையணை உறை, மேசைவிரிப்பு இவற்றில் ஏதோ ஒன்று. எது என்பது கடைக்குப் போன பிறகுதான் தெரியவரும். நான் சொன்னால் யாரும் பொருள் கொள்வதில்லை.

எந்த லேஸாக இருந்தாலும் பில் என்னவோ என்னிடம்தான் வருகிறது. அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு குடித்தனம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். செலவு என்று ஒரு தாள் வந்தால், “முன்கோப்பு எங்கே?” என்று கேட்டே பழகிவிட்டது. வீட்டில் அப்படிக் கேட்டால் ராத்திரிச் சாப்பாடு உப்புமாவாகிவிடும். ஆகவே செலவை விட்டுவிட்டுச் சொல்லின் முன்கோப்பைத் தேட ஆரம்பித்தேன். சொற்பிறப்பு ஆராய்ச்சிக்கு மனைவியின் முழு ஆதரவு உண்டு. காசு செலவாகாது, சத்தம் வராது, மூலையில் உட்கார்ந்தபடி நடக்கும். பெருக்குகிற நேரத்தில் காலைத் தூக்கிக்கொண்டால் போதும்.

முதலில் பேரனின் லேஸைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். அது ஹெர்மன் லே என்ற அமெரிக்க வியாபாரியின் பெயர். 1932-இல் நாஷ்வில் நகரில் தொழில் தொடங்கியவர். நம் கோப்புக்கும் அவருக்கும் ஒட்டு உறவு கிடையாது. மற்ற லேஸ்கள் எல்லாம் ஒரு தாய் பிள்ளைகள்.

அந்தத் தாய் இலத்தீன்காரி. ‘லக்குவெயுஸ்’ என்று பெயர். பொருள்: சுருக்குக் கயிறு, கண்ணி. காட்டில் மிருகத்தையும் பறவையையும் பிடிக்கிறவர்கள் புழங்கிய சொல். அது பழைய பிரெஞ்சுக்குப் போய் ‘லாஸ்’ என்று சுருங்கி, 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் இங்கிலாந்துக்குள் நுழைந்தது. நுழைந்தபோது அதன் கையில் பூவேலையும் இல்லை, ஓரவேலையும் இல்லை. துணியையோ தோலையோ இழுத்துக் கட்டும் கயிறு என்று ஒரு பொருள். பழைய கண்ணி என்று இன்னொரு பொருள். 1400-இல் காலமான இங்கிலீஷ் கவிஞர் சாசர், தம் வீரன் கதையில் தீசியஸ் மன்னனைப் பேச வைக்கும்போது, காதலின் கண்ணியில் தானும் பலமுறை மாட்டியவன்தான் என்று சொல்ல வைக்கிறார். அங்கே அவர் போட்ட சொல் இதே லேஸ்தான். ஸ்பெயினில் இதன் உடன்பிறப்பு ‘லாஸோ’. அமெரிக்கக் குதிரைக்காரர்கள் தலைக்கு மேல் சுழற்றி மாட்டின் கழுத்தில் எறிவார்களே, அது.

இதைப் படித்ததும் எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. இத்தனை காலமாக நெஞ்சுக்குள் வைத்திருந்த ஒரு சந்தேகத்துக்கு ரோமாபுரியிலிருந்து சான்றொப்பம் வந்துவிட்டது. மேசைவிரிப்பு, திரைச்சீலை, சேலை ஓரம் எல்லாம் பிற்சேர்க்கை. அசல் ஆணை, கண்ணி.

நம்மவர்களும் சளைத்தவர்கள் இல்லை. சுருக்கு என்றால் தூக்குக் கயிற்றின் வளையம்; அதே சுருக்கு பாட்டியின் இடுப்பில் சுருக்குப்பையாகத் தொங்கியது. தாத்தா கொடுத்த சில்லறை அதன் வாய்க்குள் போகும். வெளியே வந்ததைப் பார்த்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. கண்ணி என்றால் பறவையைப் பிடிக்கும் வலை. தலையில் சூடும் பூமாலையும் கண்ணிதான். தாயுமானவர் பராபரத்தை நோக்கிப் பாடியதும் கண்ணிதான். எல்லாவற்றுக்கும் சிகரம் பாசம். எமன் கையில் இருந்தால் கயிறு. மாமியார் மனத்தில் இருந்தால் அன்பு. இரண்டும் நம்மை நோக்கி வரும் விதம் ஒன்றுதான்.

சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம் என்று மூன்று சொல்வார்கள். பதி இறைவன். பசு கட்டுண்ட உயிர். பாசம் கட்டியிருக்கும் கயிறு. பதி என்றால் கணவன் என்றும் ஒரு பொருள் இருப்பதால், திருமணமான புதிதில் நான் முதல் இடத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது இடம் என்பது மெல்ல மெல்லப் புரிந்தது. லக்குவெயுஸைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் இந்தத் தத்துவத்தை மனைவியிடம் விளக்கினேன். நாமெல்லாம் தளையில் கிடக்கிறோம் என்று முடித்தேன்.

“உங்களை யாருங்க கட்டி வெச்சிருக்கா? கதவு தொறந்துதானே இருக்கு! போறதுன்னா போங்க. வர்றப்ப கறிவேப்பிலை கொஞ்சம் வாங்கிட்டு வந்துடுங்க.”

கறிவேப்பிலை வாங்கி வந்தேன். கொசுறாகக் கொத்தமல்லியும் கிடைத்தது.

மனைவி கேட்டுக்கொண்டிருந்த நெக்லஸ் விஷயத்தில் இந்த ஆராய்ச்சி கைகொடுக்கும் என்று நம்பினேன். அந்தச் சொல் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலீஷில் புழக்கத்துக்கு வந்தது. பிரித்துப் பார்த்தால் கழுத்துக் கயிறு, அவ்வளவுதான். தங்கம் என்ற பேச்சே சொல்லுக்குள் இல்லை. ஆகவே சொல்லின் கண்டிப்பான பொருளில், மஞ்சள் பூசி, மூன்று முடிச்சுப் போட்டு, ஊரைக் கூட்டி முதல் நெக்லஸை அன்றைக்கே அணிவித்துவிட்டேன் என்று வாதம் தயார் செய்தேன். அட்சய திருதியை அன்று அதைச் சமர்ப்பித்தேன். “ஆமாங்க, அது கயிறுதான். ஒத்துக்கறேன். அதனாலதான் இன்னொண்ணு கேக்கறேன்” என்று பதில் வந்தது. மேல்முறையீட்டுக்கு வழியில்லை.

கயிறு என்ற பொருளில் லேஸ் எனக்கென்று மிஞ்சியிருக்கும் ஒரே இடம் ஷூ. சர்க்கரை அளவைப் பார்த்த டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். மருமகன் ஒரு ஜோடி வாங்கித் தந்தான். அதில் காலை நுழைப்பது சுலபம். குனிந்து லேஸ் கட்டுவதுதான் உடற்பயிற்சி. என் பாதத்துக்கும் கண்ணுக்கும் நடுவே தொப்பை ஒன்று பல்லாண்டுகளாகக் குடியிருக்கிறது; அதைத் தாண்டிப் போய் முடிச்சுப் போட்டு நிமிர்வதற்குள், நடந்ததற்குச் சமமாக மூச்சு வாங்கிவிடும். தெருமுனை திரும்பினால் லேஸ் அவிழ்ந்திருக்கும்.

ஏன் அவிழ்கிறது என்று 2017-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மூன்று பேர் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் இயந்திரப் பொறியாளர்கள். ஒருவர் ஓட, வேகப் படக்கருவியால் ஷூவை மட்டும் படம்பிடித்துப் பார்த்தார்கள். பாதம் தரையில் மோதும்போது புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு விசை முடிச்சைத் தாக்குகிறது, முடிச்சு தளர்கிறது. அதே நேரத்தில் கால் முன்னும் பின்னும் வீசுவதால் லேஸின் நுனிகள் சாட்டையாகச் சுழன்று வெளியே இழுக்கின்றன. மோதல் மட்டும் இருந்தால் அவிழாது; வீச்சு மட்டும் இருந்தாலும் அவிழாது. இரண்டும் சேர்ந்தால் வெகுநேரம் தாங்கியது போல் இருந்த முடிச்சு, இரண்டொரு எட்டில் கழன்றுவிடும். நான் இதை மனைவியிடம் சொன்னேன். நான் நடக்கிற வேகத்துக்கு இந்த விஞ்ஞானம் பொருந்தாது, கட்டினதுதான் சரியில்லை என்றாள்.

ஷூவில் லேஸைக் கோக்கும் விதத்தைக் கணக்குப் போட்டவரும் உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கணிதப் பேராசிரியர் பர்க்கார்ட் போல்ஸ்டர், 2002-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். பக்கத்துக்கு ஆறு ஓட்டை உள்ள ஷூவில் லேஸைக் கோக்க ஏறத்தாழ 2 லட்சம் கோடி வழிகள் இருக்கின்றனவாம். இந்த அளவு எண்ணை நான் அதுவரை ஊழல் செய்திகளில்தான் பார்த்திருந்தேன். இத்தனை வழிகளில் எது வலுவானது என்று பார்த்தால், காலங்காலமாக நாம் கோக்கிற குறுக்கு மறுக்குக் கோப்பும் நேர்க் கோப்பும்தான் என்று கணக்கு சொல்லிவிட்டது. கணிதம் பெரியவர்களை மதிக்கிறது.

பெரியவர்கள் என்றால் எத்தனை பெரியவர்கள்? ஆர்மீனியாவில் அரேனி என்ற ஊருக்குப் பக்கத்துக் குகையில் 2008-இல் ஒற்றைத் தோல் ஷூ ஒன்று கிடைத்தது. ஏறக்குறைய 5,500 வயது. எகிப்தின் கீசா பிரமிடுக்கு மூத்தது. ஆட்டுப் புழுக்கை மூடிக் காப்பாற்றியதால் கெடாமல் இருந்தது. உள்ளே புல் திணித்திருந்தார்கள். அதற்கும் தோல் லேஸ் இருந்தது, அந்த லேஸும் அப்படியே கிடைத்தது. இன்னொரு கால் ஷூ கிடைக்கவில்லை. எங்கள் வீட்டு வாசலில் செருப்பு தேடுகிற எனக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

கயிறாகப் பிறந்த லேஸ் ஓட்டை நிறைந்த துணியானது 16-ஆம் நூற்றாண்டின் நடுவில். அதற்குமுன் உடுப்பின் ஓரத்தில் தைக்கும் பின்னல் பட்டைக்கு, நம் சரிகைக்குச் சமமானதற்கு, அந்தப் பெயர் இருந்தது. பிறகு வெனிஸில் பெண்கள் ஊசியை எடுத்துத் துணியே இல்லாமல் வெறும் நூலால் தைக்கத் தொடங்கினார்கள். ‘புந்தோ இன் ஆரியா’ என்று அதற்குப் பெயர். காற்றில் போட்ட தையல். பிளாண்டர்ஸ் பகுதியில் ஊசியை விட்டுவிட்டு, திண்டு ஒன்றில் குண்டூசிகளைக் குத்தி, சின்னச் சின்னக் கட்டைகளில் நூலைச் சுற்றி, கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னினார்கள். துணியை நூலால் செய்வார்கள். லேஸை ஓட்டையால் செய்வார்கள். விலை முழுக்க அந்த ஓட்டைக்குத்தான். என் பனியனிலும் அழகான ஓட்டைகள் இருக்கின்றன. அதை மட்டும் தரை துடைக்கப் போடுகிறார்கள்.

இந்த ஓட்டை ஒன்றுக்கு எவ்வளவு உழைப்பு என்று கேட்டால் தலை சுற்றும். பிரான்சில் 14-ஆம் லூயியின் மந்திரி கோல்பேர், வெனிஸுக்குப் போகிற பணத்தை நிறுத்துவதற்காக 1665-இல் அரச லேஸ் பட்டறைகளைத் தொடங்கினார். வெனிஸிலிருந்தே கைகாரிகளை வரவழைத்தார். அந்த வழியில் வந்த அலான்சோன் ஊரின் ஊசி லேஸை 2010-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். ஒரு சதுர செண்டிமீட்டர் பின்ன 7 மணி நேரம். முழுத் தேர்ச்சி பெற 7 முதல் 10 ஆண்டுப் பயிற்சி. ஏழு மணி நேரம் என்பது எங்கள் அலுவலகத்தில் ஒரு முழு வேலைநாள். அந்த நேரத்தில் என்னால் ஒரு சதுர செண்டிமீட்டருக்கு எதுவும் நகர்ந்ததாக நினைவில்லை.

இத்தனை பாடுபட்டுப் பின்னியதை யார் அணிந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. ஆண்கள்! 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ராஜாவும் பிரபுவும் கழுத்தில், மணிக்கட்டில், முழங்கால் பூட்ஸ் விளிம்பில்கூட லேஸைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தார்கள். லண்டனில் கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பீப்ஸ், 1662-ஆம் ஆண்டு நாட்குறிப்பில், இனிமேல் பெரிய செலவு செய்வதென்றால் லேஸ் கழுத்துப் பட்டைக்குத்தான் என்று தீர்மானம் போட்டிருக்கிறார். மற்ற உடுப்பு எப்படி இருந்தாலும் அது தூக்கிக் கொடுத்துவிடுமாம். அவரும் கோப்புக்காரர்தான். சகோதர ஊழியர் என்ற உரிமையில் சொல்கிறேன்: கழுத்தில் லேஸ் கட்டிக்கொண்டு அலுவலகம் போகும் தைரியம் அந்தக் காலத்துக் குமாஸ்தாவுக்கு இருந்தது. நான் பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனாலே தெரு திரும்பிப் பார்க்கிறது.

காபியில் கொஞ்சம் சாராயம் கலப்பதையும் இங்கிலீஷ்காரர்கள் லேஸ் என்றே சொல்கிறார்கள். இது 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வழக்கம். எங்கள் வீட்டு ஃபில்டரில் சிக்கரிக்கு மேல் எதையும் அனுமதிப்பதில்லை என்பதால் இந்தப் பொருளைத் தாண்டிப் போகிறேன்.

சோபா முதுகில் போடுகிற லேஸ் விரிப்பை மட்டும் அப்படித் தாண்ட முடியாது. அதற்கும் எனக்கும் நேரடி வழக்கு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆண்கள் தலைக்கு மக்காசர் எண்ணெய் தடவுவது நாகரிகமாக இருந்தது; மக்காசர், இந்தோனேசியாவில் ஒரு துறைமுகம். அந்தத் தலைகள் சாய்ந்த நாற்காலிகள் எல்லாம் பிசுபிசுக்கவே, வீட்டுப் பெண்கள் லேஸ் விரிப்பைப் பின்னி முதுகில் போட்டார்கள். பெயரே ‘ஆன்டிமக்காசர்’. எண்ணெய்க்கு எதிரானது என்று பெயர் சொன்னாலும், யாருக்கு எதிரானது என்பது எல்லாருக்கும் தெரியும். நான் தேங்காயெண்ணெய்க் கட்சி. என் நாற்காலிக்கு மட்டும் இரட்டை விரிப்பு.

அந்த விரிப்பைப் பின்னியவர் என் மாமியார். நாகர்கோவில்காரர். டி.வி.க்கு ஒன்று, ரேடியோவுக்கு ஒன்று, தொலைபேசிக்கு ஒன்று என்று ஒரு காலத்தில் அவர் கைபடாத பொருள் எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான். “மாப்பிள்ள, சும்மா இருக்கயில அந்த நூல்கண்டக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க” என்பார். நான் எப்போதும் சும்மா இருப்பவன் என்பதால் கண்டு என் கையிலேயே இருக்கும். அவர் லேஸ் என்று சொல்லமாட்டார், ரேந்தை என்பார். போர்த்துக்கீசியரின் ‘ரெந்தா’. சாவியும் அலமாரியும் ஜன்னலும் வந்த வழியில் வந்தது. அவர்கள் போய்ச் சேர்ந்த இலங்கையிலும், காலி, வெலிகமைப் பக்கம் திண்டில் கட்டை போட்டுப் பின்னும் ‘பீரளு’ வேலை இன்றும் இருக்கிறது.

குமரி மாவட்டத்து லேஸுக்கு ஒரு வரலாறு உண்டு. மாமியாருக்கு நூல்கண்டு பிடித்த காலத்தில் அதை நான் அறிந்திருக்கவில்லை. 1819-இல் லண்டன் மிஷன் சார்பில் சார்லஸ் மால்ட் என்ற பாதிரியார் நாகர்கோவிலுக்கு வந்தார். அவர் மனைவி மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். 1820-களில் அதோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அன்றைக்கு அது திருவிதாங்கூர் ராஜ்யம். அங்கே நாடார் முதலான சாதிப் பெண்கள் மார்பை மூடி மேலாடை அணியக் கூடாது என்று கட்டுப்பாடு. அதை எதிர்த்து எழுந்ததுதான் தோள்சீலைப் போராட்டம். 1822-இல் தொடங்கி அடிதடியும் வழக்குமாக நீண்டது. மேலாடை உரிமை 1859-இல்தான் அரசாணையாக வந்தது. அதிலும், மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை. கோப்பு எழுதிய கை எனக்கு. இந்த மாதிரி நிபந்தனை எந்த மூளையிலிருந்து வரும் என்று தெரியும்.

அந்த ஊரில், அந்த ஆண்டுகளில், தங்கள் தோளுக்கு ஒரு துணி போட உரிமை இல்லாத வீட்டுப் பெண்பிள்ளைகள், வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் கழுத்துக்கும் கைக்கும் லேஸ் பின்னிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் அடிமைகளாக இருந்தவர்களும் உண்டு. லேஸ் கூலியைச் சேர்த்து வைத்து, தங்கள் விடுதலையைத் தாங்களே விலைகொடுத்து வாங்கிக்கொண்ட பெண்களைப் பற்றி மிஷன் பதிவுகள் சொல்கின்றன. கண்ணி என்று பிறந்த சொல், கட்டை அவிழ்க்க உதவிய இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். இதைப் படித்த பிறகு என் நாற்காலி விரிப்பில் தலையைச் சாய்க்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா. 1844-இல் அவருக்கும் ராபர்ட் கால்டுவெல்லுக்கும் திருமணம் நடந்தது. ஆமாம், அதே கால்டுவெல்தான். கணவர் இடையன்குடித் தேரிமணலில் உட்கார்ந்து சொற்களின் வேரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்; 1856-இல் ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ வெளிவந்தது. மனைவி அதே ஊரில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து, அம்மாவிடம் கற்ற லேஸை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். கால்டுவெல்லின் பெயர் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. சென்னைக் கடற்கரையில் சிலையும் இருக்கிறது. எலைசா அம்மையாரைப் பற்றிப் பரீட்சையில் ஒரு மார்க் கேள்விகூட வருவதில்லை. சொல்லாராய்ச்சி செய்கிற கணவரும், அந்த நேரத்தில் உருப்படியான வேலை ஒன்றைப் பார்க்கிற மனைவியும் இருந்த வீடு என்று நான் இதைச் சொன்னபோது, மனைவி முதல்முறையாக என் ஆராய்ச்சியில் அக்கறை காட்டினாள். ஒப்பிலக்கணம் எழுதியவர் தன் துணியைத் தானே மடித்து வைத்தாரா என்று கேட்டாள்.

ஆந்திராவில் நர்சாபூர்ப் பக்கமும் மிஷன்காரர்கள் வழியே லேஸ் பரவியது. மரியா மீஸ் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் அந்தப் பெண்களிடம் போய்ப் பேசி 1982-இல் புத்தகம் எழுதினார். உலகச் சந்தைக்குச் சரக்குப் பின்னுகிற அவர்களை எல்லாரும் வெறும் இல்லத்தரசிகள் என்றார்கள். வேலையை ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்றார்கள். வியாபாரமும் ஏற்றுமதி லாபமும் ஆண்கள் கையில் இருந்தன. இந்தப் பகுதியை நான் மனைவிக்கு வாசித்துக் காட்டவில்லை. எல்லா ஆராய்ச்சி முடிவுகளையும் உடனே வெளியிட வேண்டும் என்று கட்டாயமில்லை.

இன்று கடையில் விற்பது பெரும்பாலும் இயந்திர லேஸ். அந்தப் பாவமோ புண்ணியமோ ஜான் ஹீத்கோட் என்ற இங்கிலீஷ்காரரைச் சேரும். லேஸுக்கு அடித்தளமான வலையைப் பின்னும் இயந்திரத்துக்கு அவர் 1809-இல் காப்புரிமை வாங்கினார். 1816-இல் ஒரு ராத்திரி லட்டைட்டுகள் என்ற இயந்திர எதிர்ப்பாளர்கள் லஃப்பரோ ஊரில் இருந்த அவர் ஆலைக்குள் புகுந்து 55 இயந்திரங்களை உடைத்துப் போட்டார்கள். மனிதர் அசரவில்லை. டெவன் மாவட்டத்தில் டிவர்ட்டன் என்ற ஊருக்கு ஆலையையே மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

அதன் பலனாக இன்று எங்கள் வீட்டுப் பக்கத்து மேட்சிங் சென்டரில் சுவர் முழுக்க லேஸ் ரோல்கள். கட் ஒர்க், ஜரி, முத்து வைத்தது, குஞ்சம் தொங்குவது, சலங்கை சத்தம் போடுவது என்று ஜாதிகள் பல. மனைவி சேலையை எடுத்து மேசைமேல் விரிப்பாள். கடைப் பையன் ராமர் பச்சை, பாட்டில் பச்சை, கிளிப்பச்சை, மயில் கழுத்து என்று அடுக்குவான். என் கண்ணுக்கு எல்லாம் பச்சை. “எப்படிங்க இருக்கு?” என்று என்னைக் கேட்பாள். நல்லா இருக்கு என்று நான் சுட்டிக் காட்டியதை உடனே உள்ளே வைக்கச் சொல்லிவிடுவாள். தேர்வில் என் பங்கு அது. நான் இல்லாவிட்டால் எதைக் கழிப்பது என்று தெரியாமல் திண்டாடிவிடுவாள்.

ஒரு ரோல் பெரும்பாலும் 9 மீட்டர். சேலை ஐந்தரை மீட்டர்தானே, மிச்சம் மூன்றரை மீட்டர் லாபம் என்று என் மனம் கணக்குப் போடும். கீழ் ஓரம் ஐந்தரை, முந்தானை அகலம் ஒன்றேகால், தோளிலிருந்து தொங்குகிற மேல் ஓரம் ஒன்றேகால், இரண்டு ரவிக்கைக் கைக்கு ஒரு மீட்டர் என்று அவள் விரலை மடக்கினால் ரோல் முடிந்து போயிருக்கும். ஐந்தாண்டுத் திட்டத்தில்கூட இவ்வளவு கச்சிதமாக நிதி செலவழிந்ததில்லை.

பில்லைப் பார்க்கும்போதுதான் தமிழ் இலக்கணம் எனக்கு உதவிக்கு வருகிறது. லேசு என்ற நம் சொல்லுக்கும் இந்த லேஸுக்கும் உறவில்லை. அது வடமொழி ‘லேசம்’, அதாவது சிறுதுளி. ஆனால் தண்டியலங்காரத்தில் இலேசம் என்று ஓர் அணி உண்டு. மனத்தில் இருப்பதை முகம் காட்டிக்கொடுக்கும்போது, அதற்கு வேறு காரணம் சொல்லி மறைப்பது. காதல் துயரத்தில் கண் கலங்கிய பெண், தூசி விழுந்துவிட்டது என்று சொல்வாளே, அந்த வகை. மேட்சிங் சென்டர் கல்லாவில் நிற்கும்போது என் கண்ணும் கலங்கும். “என்னங்க ஆச்சு?” என்பாள். ஃபேன் காற்று என்பேன். சாதாரணக் குடும்பத் தலைவன் கவிஞனாவது இப்படித்தான்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. லேஸ் வாங்கப் போனால் துணியைக் கையோடு எடுத்துப் போங்கள். செல்போன் படத்தில் பச்சை நீலமாகிவிடும். விளக்கு வெளிச்சத்தை நம்பாமல் வாசலுக்கு வந்து வெயிலில் பொருத்திப் பாருங்கள். பருத்தி லேஸ் என்றால் தைப்பதற்கு முன் தண்ணீரில் நனைத்துக் காயப் போடுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையில் அது சுருங்கிச் சேலையையும் கூடவே இழுத்துக்கொள்ளும். நாகர்கோவில் பக்கம் கையால் பின்னியது கிடைத்தால் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். கணவரை அழைத்துப் போவதானால் கடைக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு, பர்ஸை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போங்கள்.